கொடுங்காயத்தை நிறுவுதல்: மோட்டார் வாகன விபத்து வழக்குகளில் ஊனமும் வருவாய் இழப்பும்

சாலை விபத்தில் காயமுற்ற ஒருவர் இழப்பீடு கோரித் தீர்ப்பாயத்தை அணுகும்போது, விபத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதும் காயம் எவ்வளவு கடுமையானது என்பதும் அங்கு முடிவு செய்யப்பட வேண்டிய இரு முதன்மைக் கேள்விகளாக அமைகின்றன. முதல் கேள்விக்கு முதல் தகவல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் பெரும்பாலும் விடையளித்துவிடுகின்றன. குற்ற வழக்கில் வேண்டப்படும் ஐயத்திற்கிடமற்ற நிரூபணம் இங்கு தேவையில்லை என்றும், எந்தத் தரப்பின் கூற்று நடந்திருக்கக் கூடியதாகத் தோன்றுகிறதோ அந்தத் தரப்பின் பக்கம் தீர்ப்பாயம் சாயலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் தெளிவுபடுத்தியது. இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. சான்றிதழ்கள் குவிந்திருக்கும் வழக்குகளில்கூட அந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படாமலே தொகை நிர்ணயிக்கப்பட்டுவிடுவதுண்டு. அதற்கான காரணங்களைச் சென்னை நகரின், குறிப்பாக நங்கநல்லூர் போன்ற ஒரு குடியிருப்புப் பகுதியின், வாழ்நிலையோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

‘கடுமையான காயம்’ என்பதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், யார் மீது தவறு என்று பாராமல் மருத்துவச் செலவையும் ஊதிய இழப்பின் ஒரு பகுதியையும் காப்பீட்டு நிறுவனமே ஈடுசெய்யும் முறை 1970-களில் வந்தது. அதற்கு ஈடாக, வலிக்கும் வேதனைக்கும் வழக்குத் தொடுக்கும் உரிமை, சட்டம் பட்டியலிட்டுள்ள கடுங்காயங்களுள் ஒன்றை நிரூபிப்பவருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எலும்பு முறிவு, உறுப்பிழப்பு, விபத்தைத் தொடர்ந்த 180 நாட்களில் குறைந்தது 90 நாட்கள் வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாமற்போதல் போன்றவை அப்பட்டியலில் உள்ளன. அங்கே கடுமை என்பது ஒரு வாசல். அதைக் கடக்காதவருக்கு அந்த வழக்கே இல்லை. இந்தியாவில் அத்தகைய வாசல் கிடையாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி சிராய்ப்புக் காயம்பட்டவரும் மனுச் செய்யலாம்; காயத்தின் கடுமை தீர்மானிப்பது அவருக்குக் கிடைக்கும் தொகையை மட்டுமே. ஆகவே இங்கே நிரூபணம் என்பது ‘ஆம், இல்லை’ என்று முடியும் காரியமாக இல்லாமல், ‘எவ்வளவு’ என்ற முடிவற்ற வாதமாக நீள்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புதிதாக அமைந்த 164-ஆம் பிரிவு, ஓட்டுநரின் தவறை நிரூபிக்க வேண்டிய தேவையின்றி, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் வழங்க வகைசெய்கிறது. கொடுங்காயம் என்ற சொல்லுக்கு அச்சட்டம் தண்டனைச் சட்டத்தின் வரையறையையே எடுத்துக்கொள்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவிலும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவிலும், ஆண்மை இழப்பு, நிரந்தரப் பார்வை இழப்பு, செவித்திறன் இழப்பு, உறுப்பு அல்லது மூட்டின் இழப்பு, அவற்றின் ஆற்றல் நிரந்தரமாகக் குன்றுதல், தலை அல்லது முகத்தின் நிரந்தர உருக்குலைவு, எலும்போ பல்லோ முறிதல் அல்லது இடம்பெயர்தல், உயிருக்கு ஆபத்தை விளைவிக்கும் காயம் அல்லது குறிப்பிட்ட நாட்களுக்குக் கடும் வலியையோ அன்றாட வேலைகளைச் செய்ய இயலாமையையோ தரும் காயம் என எட்டு வகைகள் அடுக்கப்பட்டுள்ளன. அந்தக் குறிப்பிட்ட நாட்கள் பழைய சட்டத்தில் 20 ஆக இருந்தன. புதிய சட்டத்தில் 15 ஆகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வரையறைப்படி ஒரு பல் முறிந்தாலும் கொடுங்காயம், தொடை எலும்பு நொறுங்கினாலும் கொடுங்காயம். குற்றவாளிக்குத் தண்டனை விதிக்க உருவாக்கப்பட்ட பட்டியல் அது என்பதையும், பாதிக்கப்பட்டவரின் எதிர்காலத்தை அளக்க அது போதாது என்பதையும் மறந்துவிடலாகாது.

நிரூபணத்தின் முதல் அடுக்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலேயே தொடங்குகிறது. காயம்பட்டவர் கொண்டுவரப்பட்ட நேரம், அழைத்து வந்தவர், விபத்து நிகழ்ந்த விதம் பற்றிச் சொல்லப்பட்டது, கண்ணுக்குத் தெரிந்த காயங்கள் ஆகியவை பதியப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான் வழக்கறிஞர்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்று குறிப்பிடுகின்றனர். பின்னர் காவல்துறை கேட்டுப் பெறும் காயச் சான்றிதழில், காயம் சாதாரணமானதா கொடுங்காயமா என்ற மருத்துவரின் கருத்து இடம்பெறும். அதைப் பொறுத்தே, ஓட்டுநர் மீதான வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயத்துக்குரிய 125(அ) பிரிவில் தொடர்வதோ கொடுங்காயத்துக்குரிய 125(ஆ) பிரிவுக்கு மாற்றப்படுவதோ நிகழ்கிறது. முதல் நாள் குறிப்பில் வீக்கம் என்று மட்டும் எழுதப்பட்டு, மூன்று நாட்கள் கழித்து எடுக்கப்பட்ட எக்ஸ்-ரேயில் முறிவு தெரியவந்தால், அந்த இடைவெளியைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் விடாமல் பிடித்துக்கொள்வார். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்பதால், பணத்துக்காகத் தயங்கி மருத்துவமனைக்குப் பிந்திச் செல்லும் நிலை குறைய வழி ஏற்பட்டது. உயிர்காக்கும் நோக்கத்தில் உருவான அத்திட்டம், தொடக்க நேரத்து மருத்துவப் பதிவை உறுதிப்படுத்துவதன் வழியாக இழப்பீட்டு வழக்குக்கும் துணையாகிறது.

இரண்டாவது அடுக்கு ஊனச் சான்றிதழ். பெரும்பாலான வழக்குகள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. முறிந்த கால் கூடிய பிறகு முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கிறது என்பவற்றை அளந்து மருத்துவர் ஒரு சதவீதத்தைக் குறிக்கிறார். அந்தச் சதவீதம் அந்தக் காலுக்கு மட்டும் உரியதா, முழு உடலுக்கும் உரியதா என்பது முதல் சிக்கல். இடது காலில் 45 சதவீதம் என்பது முழு உடலில் 45 சதவீதம் ஆகாது. உடல் ஊனத்தின் சதவீதமும் வருவாய் ஈட்டும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்பது இரண்டாவது சிக்கல். இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்திய தீர்ப்பு, 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராஜ்குமார் எதிர் அஜய்குமார். பாலாடைக்கட்டி விற்பனை செய்துவந்த இளைஞரின் காலிலும் கையிலும் முறிவு ஏற்பட்டிருந்த அவ்வழக்கில், மருத்துவர் குறித்த 45 சதவீதத்தை அப்படியே வருவாய் இழப்பாகக் கொள்ள நீதிமன்றம் மறுத்தது. அதற்கு மாற்றாக அது வகுத்த வழிமுறையின்படி, ஊனத்துக்குப் பிறகும் மனுதாரரால் செய்ய முடிந்தவை எவை, செய்ய முடியாதவை எவை என்பது முதலில் அறியப்பட வேண்டும். அடுத்து விபத்துக்கு முன் அவர் செய்த தொழிலும் அவருடைய வயதும் அறியப்பட வேண்டும். அதன் பிறகே, எந்த வகையிலும் பிழைக்க முடியாதபடி ஆகிவிட்டாரா, பழைய தொழிலைத் தொடர முடிகிறதா, அல்லது குறைந்த வருவாய் தரும் வேறொன்றுக்கு நகர நேர்ந்ததா என்று முடிவு செய்யப்பட வேண்டும். தொழிலோடு பொருத்திக் காணப்படும் இந்த இழப்பே ‘செயற்பாட்டு ஊனம்’ எனப்படுகிறது.

இக்கருத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் இழப்புக்கு 30 சதவீதம், ஒரு கையின் கட்டைவிரலும் நான்கு விரல்களும் போனால் 60 சதவீதம் என்று உறுப்புகளுக்கு நிலையான விகிதங்களை வகுத்திருந்தது. ஆயினும் 1975-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்ற எளிய உண்மையை முன்வைத்து, அது முழுமையான இயலாமை என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2012-இல் மோகன் சோனி வழக்கில் இதே பார்வை இன்னும் கூர்மையடைந்தது. ஐம்பத்தைந்து வயதில் காலை இழந்த வண்டி இழுக்கும் தொழிலாளி, உட்கார்ந்தபடி காய்கறி விற்றுப் பிழைக்கலாமே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வயதில் புதுத் தொழில் தேடுவது எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கிலெடுத்து, 60 சதவீத உடல் ஊனத்துக்கு 90 சதவீத வருவாய் இழப்பைக் கொண்டது. எதிர்த்திசையிலும் இது செயல்படும்: அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர் கையை இழந்தும் அதே பணியில் அதே ஊதியத்தில் நீடித்தால், வருவாய் இழப்பு என்ற தலைப்பில் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவாக இருக்கக்கூடும், வாழ்க்கை வசதிகளின் இழப்புக்கான தொகையே அவருக்கு முதன்மையாகும்.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சிக்கலோடு தனியாகவே போராடியிருக்கிறது. ஆண்டு வருவாயை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் பெருக்கெண் முறையை எல்லாக் காய வழக்குகளிலும் எந்திரத்தனமாகப் பொருத்தக் கூடாது என்று வேலுச்சாமி வழக்கிலும், வருவாய் ஈட்டும் திறனின் இழப்புக்குத் தொகை வழங்கிய பிறகு அதே ஊனத்துக்குத் தனித்தலைப்பில் மீண்டும் வழங்கக் கூடாது என்று 2006-இல் சோழன் ரோட்வேஸ் எதிர் அகமது தம்பி வழக்கின் முழு அமர்விலும் கூறப்பட்டது. பெருக்கெண் பொருந்தாது எனக் கருதப்படும் வழக்குகளில், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு ரூபாய் என்று கணக்கிடும் முறை தமிழகத் தீர்ப்பாயங்களில் வேரூன்றியுள்ளது. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான தொலைவைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். மாதம் 20,000 ரூபாய் ஈட்டும், சுயதொழில் செய்யும் 32 வயதுக்காரருக்கு, பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருவாய் உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் மாத வருவாய் 28,000 ரூபாய், ஆண்டு வருவாய் 3,36,000 ரூபாய். சர்ளா வர்மா தீர்ப்பின்படி (2009) அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16. செயற்பாட்டு ஊனம் 40 சதவீதம் என்று நிறுவப்பட்டால் கிடைப்பது 21,50,400 ரூபாய். அதே மனிதரின் ஊனத்தைச் சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கில் வைத்தால் கிடைப்பது 2 லட்சம். காயம் ஒன்று, மனிதர் ஒருவர், சதவீதமும் ஒன்று. எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது, அந்தக் காயம் அவருடைய தொழிலைத் தொட்டது என்பதற்கான சாட்சியம் இருக்கிறதா இல்லையா என்பதே. காயவழக்குகளிலும் எதிர்கால வருவாய் உயர்வு சேர்க்கப்பட வேண்டும் என்பதை, கையை இழந்த தரவுப் பதிவாளர் ஒருவரின் மேல்முறையீட்டில் (பப்பு தேவ் யாதவ், 2020) உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளது.

இந்தச் சாட்சியம் எங்கிருந்து வரும் என்பதற்கு நங்கநல்லூரைச் சான்றாகக் கொள்வது பொருந்தும். பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத போக்குவரத்துக்கு அருகே, ஆஞ்சநேயர் கோயில் உள்ளிட்ட பல கோயில்களைச் சுற்றி வளர்ந்த இப்பகுதி, ஆலந்தூர் நகராட்சியோடு 2011-இல் சென்னை மாநகராட்சியிலும், 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. இங்கு வசிப்பவர் விபத்து எங்கு நடந்திருந்தாலும் தாம் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. சென்னையில் இவ்வழக்குகளின் பெரும்பகுதி உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடைபெறுகிறது. இப்பகுதியில் சம்பளச் சீட்டோடு வாழ்பவர்கள் இருப்பதைப் போலவே, சீட்டே இல்லாமல் திறமையால் வாழ்பவர்களும் மிகுதி: புரோகிதர்கள், கல்யாணச் சமையல் செய்பவர்கள், வீட்டிலேயே பாட்டும் வீணையும் சொல்லித்தருபவர்கள், டியூஷன் ஆசிரியர்கள். முழங்கால் முறிந்து கூடிய ஒரு புரோகிதரைக் கருதுவோம். மருத்துவக் குழு அவருக்கு முழு உடலில் 15 சதவீதம் என்று எழுதலாம். அவர் நடக்கிறார், படியேறுகிறார், பேருந்திலும் செல்கிறார். ஆனால் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம் ஹோமத்தின் முன் உட்கார அவரால் இயலாது என்றால், அவருடைய தொழில் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இடது கை விரல்கள் விறைத்துப்போன வீணை ஆசிரியருக்கும், பெரிய அண்டாவைத் தூக்க முடியாத சமையற்காரருக்கும் இதுவே பொருந்தும். சான்றிதழில் உள்ள எண் இவற்றைச் சொல்லாது.

சொல்ல வேண்டியவர்கள் சாட்சிகள். வருமானவரிக் கணக்கு இல்லாதவருக்கு, அவரை ஆண்டுதோறும் அழைத்த குடும்பத்தாரும், கோயில் நிர்வாகியும், ஒப்பந்தம் கொடுத்த கல்யாண மண்டபத்தாரும், வங்கிக் கணக்கில் வந்துசேர்ந்த சிறு தொகைகளும்தான் தொழிலின் ஆதாரம். மருத்துவரிடமும் ‘எத்தனை சதவீதம்’ என்பதோடு விசாரணையை முடித்துவிடாமல், ‘இவரால் சம்மணமிட முடியுமா, எவ்வளவு நேரம்’ என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இக்கேள்விகள் கேட்கப்படாத வழக்கில், தீர்ப்பாயம் கருணையுள்ளதாக இருந்தாலும் அதன் கையில் பிடிமானம் இருப்பதில்லை. ராஜ்குமார் தீர்ப்பு, சாட்சியம் குறைவாக இருக்கும்போது தீர்ப்பாயம் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உண்மையைத் தேடும் கடமை அதற்கு உண்டு என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுவே. சிகிச்சையளிக்காமல் சான்றிதழ் மட்டும் தரும் மருத்துவர்களின் தாராள எண்களை எச்சரிக்கையோடு அணுகவும், ஐயம் எழுந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பவும், சாட்சி சொல்ல வரும் சிகிச்சை மருத்துவர்களை நாள் முழுதும் காத்திருக்க வைக்காமல் நேரம் குறித்து விசாரிக்கவும் அதே தீர்ப்பு அறிவுறுத்தியது. அலுவலகத் தொழில்களும் இதற்கு விலக்கல்ல: காலில் 70 சதவீத ஊனம் அடைந்த பட்டயக் கணக்காளருக்குப் பெருக்கெண் முறையை மறுத்தது தவறு என்று 2017-இல் சந்தீப் கனுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது, வாடிக்கையாளர்களின் இடங்களுக்குச் செல்ல இயலாத கணக்காளரும் வருவாயை இழப்பவரே.

முதியோர் நிலை வேறு வகையான கடினம் கொண்டது. ஓய்வூதியம் பெறும் 68 வயதுக்காரரின் இடுப்பெலும்பு முறிந்தால் ஓய்வூதியம் ஒரு ரூபாயும் குறைவதில்லை. 65 வயதைத் தாண்டியவருக்குப் பெருக்கெண்ணும் 5 மட்டுமே. ஆகவே அவர் இழந்ததை வருவாய்க் கணக்கில் தேடுவது பயனற்றது. இரு கால்களும் செயலிழந்த வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் (ஆர்.டி. ஹத்தங்கடி, 1995) உச்ச நீதிமன்றம் பணத்தால் அளக்கக்கூடிய இழப்பையும் அளக்க முடியாத இழப்பையும் தனித்தனியே பிரித்தது இங்கே கைகொடுக்கிறது: வலி, வேதனை, முன்பு தாமே சென்றுவந்த இடங்களுக்குச் செல்ல முடியாமை, பிறரைச் சார்ந்து குளிக்கவும் உண்ணவும் வேண்டியிருத்தல் ஆகிய யாவும் அந்த இரண்டாவது வகையில் அடங்கும். உதவியாளர் செலவை ஒரே தொகையாக வீசாமல் பெருக்கெண் கொண்டே கணக்கிட வேண்டும் என்று காஜல் வழக்கு (2020) காட்டிய வழி முதியோருக்கும் உதவக்கூடியது. இல்லத்தரசிகளின் உழைப்புக்கு மதிப்பிட்ட வருவாயைக் கருத வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் (2021) கூறப்பட்ட பிறகும், கை முறிந்த இல்லத்தரசிக்கு வருவாய் இல்லை என்று வாதிடுவது நியாயமாகாது.

முதியோர் வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பும் வலுவான எதிர்வாதம், முதுகெலும்பில் தெரியும் தேய்மானம் வயதால் வந்தது, விபத்தால் வந்ததல்ல என்பது. இதற்கு மருத்துவமே விடை தருகிறது. விபத்தைத் தொடர்ந்து விரைவில் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பு மஜ்ஜையில் நீர்கோர்வை தெரிந்தால் அது அண்மைக் காயத்தின் அடையாளம். மாதங்கள் கழித்து எடுத்தால் அந்த அடையாளம் மறைந்துவிடக்கூடும். தீங்கிழைத்தவர், பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த உடல்நிலையிலேயே ஏற்க வேண்டும் என்பது பொதுச் சட்டத்தின் பழைய நெறி. பலவீனமான எலும்பு எளிதில் முறிந்தது என்பது மோதியவருக்குச் சலுகையாகாது.

தலைக்காயம் இன்னும் மறைவானது. அனுமதியின்போது உணர்வுநிலையைக் குறிக்கும் கிளாஸ்கோ அளவில் 8 அல்லது அதற்குக் குறைவான எண் கடுமையான மூளைக்காயத்தையும், 13 முதல் 15 வரையிலான எண் இலேசான காயத்தையும் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இலேசான காயம் என்று எழுதப்பட்டவரும் மறதி, சினம், கவனச் சிதறல் ஆகியவற்றால் வேலையை இழக்கலாம். அதை நிறுவ நரம்பியல் உளவியல் சோதனையும், விபத்துக்கு முன்பும் பின்பும் அவரை அறிந்த உடன் பணியாற்றியோரின் சாட்சியமும் தேவை. எலும்பு முறிவைப்போல் இதை ஒரு படத்தைக் காட்டி முடித்துவிட முடியாது.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அளிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும், அவ்வாண்டு டிசம்பரில் வந்த கோஹர் முகமது தீர்ப்பும் வற்புறுத்துகின்றன. இவ்விரைவு வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஊனம் நிலைபெற்றதா என்பதை எலும்பு முழுமையாகக் கூடி, இயன்முறைச் சிகிச்சை முடிந்த பிறகே மருத்துவரால் சொல்ல முடியும் என்பதால், மனு முன்னதாகவும் ஊன மதிப்பீடு பின்னதாகவும் நிகழ்வதே முறையானது. அவசரத்தில் பெற்ற தற்காலிகச் சான்றிதழ் பின்னர் மனுதாரருக்கே எதிராகத் திரும்பக்கூடும். போலி விபத்து வழக்குகளைப் பற்றி உத்தரப் பிரதேசத்தில் எழுந்த குற்றச்சாட்டுகளை 2021-இல் சஃபீக் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்போடு அணுகியதிலிருந்து காயச் சான்றுகளின் மீதான ஐயம் கூடியிருப்பதும், அதன் சுமையை உண்மையாகக் காயமுற்றவர்களும் சுமப்பதும் மறுக்க முடியாதவை.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பிறகும் நடைமுறை சதவீதத்தைச் சுற்றியே சுழல்வதற்கு முக்கியக் காரணம், மருத்துவருக்கும் தீர்ப்பாயத்துக்கும் இடையே பாயும் தகவல் ஒற்றை எண்ணாகச் சுருங்கியிருப்பதுதான். மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்போதே மனுதாரரின் தொழிலையும், அத்தொழில் உடலிடம் கேட்கும் அசைவுகளையும் தீர்ப்பாயம் எழுத்தில் தெரிவித்து, அவற்றுள் எவை இயலும், எவை இயலாது, எவை வலியோடு மட்டும் இயலும் என்று குழுவிடமிருந்து பதிலைப் பெறும் வகையில் சான்றிதழின் படிவம் மாற்றப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கையும் மாநில சுகாதாரத் துறையின் ஒரு படிவமும் போதும். அவ்விரண்டையும் தாமதமின்றி வெளியிட வேண்டும் என்று கோருவது, காயமுற்ற ஒவ்வொருவர் சார்பிலும் வைக்கத்தக்க நியாயமான கோரிக்கையாகும்.